இயந்திர அதிர்வும் பொதுச்சுவரும்: வணிகர்கள் அறிய வேண்டியவை

மளிகைக் கடை என்றால் தராசு, எடைக்கற்கள், மூட்டைகள், கல்லாப்பெட்டி என்றிருந்த காலம் போய் வெகு நாட்களாகிவிட்டன. இன்று தெருமுனையில் உள்ள சிறு கடையிலும் பால், தயிர் வைக்க ஒரு பிரிட்ஜ், ஐஸ்கிரீமுக்கு ஒரு டீப் பிரீசர், இட்லி மாவு அரைத்து விற்க ஒரு கிரைண்டர் என்று இரண்டு மூன்று இயந்திரங்களாவது இருக்கின்றன. சற்று வசதி உள்ளவர்கள் மாவு மில்லும் ஜெனரேட்டரும் வைத்திருக்கிறார்கள். இவற்றால் நமது வியாபாரம் பெருகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கூடவே ஒரு தொல்லையும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் சத்தமும் அதிர்வும்.

நமது காஞ்சிபுரத்தில் இது சற்றுக் கூடுதலான தொல்லை. இங்கே பழைய தெருக்களில் வீடும் கடையும் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே பொதுச்சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கின்றன. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் சுவருக்கு இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் தறி என்பது சகஜம். அந்தப் பக்கம் குடியிருப்பவர் யார்? மாதச் சாமான் நம்மிடம் வாங்குபவர். நமது பற்று நோட்டில் பெயர் உள்ளவர். அவர் இரவில் தூங்க முடியாமல் போனால் முதலில் முகம் சுளிப்பார், பிறகு கடையை மாற்றிக்கொள்வார், கடைசியில் மனு எழுதுவார். இந்த மூன்றுமே நமக்கு நட்டம்தான்.

"பகலெல்லாம் தறிச் சத்தம் கேட்பவருக்கு நம் பிரிட்ஜ் சத்தம் ஒரு பொருட்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. தறி பகலில் ஓடுகிறது, இரவில் ஓய்கிறது. ஊர் அடங்கிய பிறகு சிறு சத்தமும் பெரிதாகக் கேட்கும். மேலும் தறிச் சத்தம் அவருடைய பிழைப்பு. அதை நிறுத்தவும் ஓட்டவும் அவரால் முடியும். நமது கம்ப்ரஸர் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பது அவர் கையில் இல்லை. கட்டுப்படுத்த முடியாத சத்தமே மனிதனை அதிகம் வாட்டுகிறது.

ஆகவே இந்தச் சத்தம் எப்படி உண்டாகிறது, எந்த வழியாகப் போகிறது, குறைந்த செலவில் அதை எப்படி அடக்கலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சத்தம் போகும் இரண்டு வழிகள்

இயந்திரத்தின் சத்தம் இரண்டு வழிகளில் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. ஒன்று, காற்று வழி. மிக்ஸியின் இரைச்சல், ஜெனரேட்டரின் புகைக்குழாய்ச் சத்தம் ஆகியவை இவ்வகை. மற்றொன்று, கட்டட வழி. இயந்திரம் தரையை அசைக்கிறது. தரை சுவரை அசைக்கிறது. பக்கத்து வீட்டில் அந்தச் சுவரே ஒலிபெருக்கிபோல் வேலை செய்கிறது. நம் கடையில் "உம்" என்று மெல்லக் கேட்கும் பிரீசர், அடுத்த வீட்டுக் கட்டிலில் தலை வைத்தவருக்குப் பலமாகக் கேட்பது இதனால்தான்.

மருந்து கொடுப்பதற்கு முன் நோய் எது என்று தெரியவேண்டும். இரவில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இயந்திரமாக ஓட்டிப் பார்க்கவேண்டும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால், நீரில் சிற்றலை எழுவதைக் கொண்டு தரை அதிர்கிறதா என்று அறியலாம். பொதுச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாலும் தெரியும். சுவர் கையில் துடித்தால் அது கட்டட வழி. சுவர் அமைதியாக இருந்து காதில் மட்டும் இரைந்தால் அது காற்று வழி. முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரரையே ஒரு பத்து நிமிடம் அவர் வீட்டில் நின்று கேட்டுச் சொல்லச் சொல்லலாம். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. நாம் அக்கறை எடுத்துக்கொள்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்; பாதிக் கோபம் அப்போதே தணியும்.

தறிக்கு ஒரு நியாயம், மோட்டாருக்கு ஒரு நியாயம்

காஞ்சிபுரத்துக் குழித்தறியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தறியின் கால்கள் தரையோடு உறுதியாக நிற்கவேண்டும். தறி ஆடினால் சேலை கெட்டுவிடும். பண்ணையால் ஊடையை அடிக்கும் ஒவ்வோர் அடியும் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. மெதுவாக, விட்டுவிட்டு விழும் அடிக்கு இப்படி மண்ணில் ஊன்றுவதுதான் சரியான வழி.

ஆனால் மின்மோட்டாரின் கதை வேறு. பெரிய கிரைண்டரில் இருக்கும் சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 24 முறை. பிரிட்ஜில் உள்ள சாதாரணக் கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 2,900 சுற்றை ஒட்டி ஓடும். அதாவது விநாடிக்கு 48 முறை. இவ்வளவு வேகமான துடிப்பைத் தரையோடு இறுகக் கட்டினால் அது அப்படியே கட்டடத்துக்குள் போய்விடும். இதற்கு இயந்திரத்தைத் தரையிலிருந்து பிரித்து, மெத்தென்ற ஒன்றின் மேல் நிறுத்தவேண்டும்.

ரப்பர் போட்டும் அதிர்வு ஏன் குறையவில்லை?

"ரப்பர் ஷீட் வாங்கிப் போட்டோம், முன்பைவிட அதிகமாக ஆடுகிறது" என்று சொல்லும் வணிகர்கள் பலர். அவர்கள் சொல்வது உண்மைதான். ரப்பர் போட்டால் மட்டும் போதாது. அது எவ்வளவு அழுங்குகிறது என்பதே கணக்கு.

மெத்தென்ற எதன் மேல் நின்றாலும் இயந்திரத்துக்குச் சொந்தமாக ஓர் ஆட்ட வேகம் உண்டு. ஊஞ்சலுக்கு இருப்பதுபோல. ஊஞ்சல் ஆடும் வேகத்துக்கு ஒத்துத் தள்ளினால் சிறு தள்ளலிலேயே ஊஞ்சல் உயரப் போகிறதல்லவா? மோட்டாரின் வேகமும் ரப்பர் மேல் நிற்கும் இயந்திரத்தின் சொந்த வேகமும் நெருங்கிவிட்டால் இதேதான் நடக்கும். அதிர்வு குறையாது, பெருகும்.

விநாடிக்கு 24 முறை துடிக்கும் கிரைண்டர் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தின் பாரத்தால் ரப்பர் 0.3 மில்லிமீட்டர் மட்டுமே அழுங்கினால், தரைக்குப் போகும் அதிர்வு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். கெட்டியான மெல்லிய ஷீட் போட்டவர்களின் அனுபவம் இதுதான். 1 மில்லிமீட்டர் அழுங்கினால் கால் பங்குதான் குறையும். 4 மில்லிமீட்டர் அழுங்கினால் எட்டில் ஒரு பங்கு அதிர்வே தரைக்குப் போகும். பிரிட்ஜ் கம்ப்ரஸர் இருமடங்கு வேகத்தில் ஓடுவதால் அதற்கு 1 மில்லிமீட்டர் அழுங்கினாலே எட்டில் ஒன்றாகிவிடும். இவை ரப்பரின் தரத்தைப் பொறுத்துச் சற்று முன்பின் ஆகும் என்றாலும் வழி காட்டப் போதுமானவை.

இதை அளப்பது எளிது. இயந்திரத்தை ஏற்றுவதற்கு முன் ரப்பர் கட்டையின் உயரத்தை ஸ்கேலால் அளக்கவேண்டும். ஏற்றிய பின் மறுபடி அளக்கவேண்டும். வித்தியாசம்தான் அழுங்கல். ரப்பர் தன் தடிமனில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் அழுங்கினால் விரைவில் கெட்டுவிடும். ஆகவே 4 மில்லிமீட்டர் அழுங்க வேண்டுமானால் ஓர் அங்குலத்துக்கு மேல் தடிமனுள்ள ரப்பர் தேவை. முழுத் தரைக்கும் ஷீட் விரிப்பதைவிட, நான்கு மூலைகளுக்கும் சிறு கட்டைகளாக வைத்தால் பாரம் ஓரிடத்தில் விழுந்து ரப்பர் நன்றாக அழுங்கும், செலவும் குறைவு. இயந்திரம் இலேசாக இருந்து ரப்பர் அழுங்கவில்லை என்றால், ஒரு கனமான கடப்பைக் கல்லின் மேல் இயந்திரத்தை வைத்து, கல்லுக்கு அடியில் ரப்பர் கட்டைகளை வைக்கலாம். பாரம் கூடும், அழுங்கல் கூடும், அதிர்வு குறையும்.

கிரைண்டரில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். மோட்டார் வேகமாகச் சுற்றினாலும் கல்லும் பாத்திரமும் விநாடிக்கு இரண்டு மூன்று சுற்றே சுற்றுகின்றன. இந்த மெதுவான ஆட்டத்தை ரப்பரால் தடுக்க முடியாது. அதற்கு மட்டம் சரியாக இருக்கவேண்டும். கால்கள் நான்கும் சமமாக ஊன்றவேண்டும். கொத்தனாரிடம் உள்ள ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உரிய கவனம்

பிரிட்ஜ், டீப் பிரீசர்: சுவரை ஒட்டி வைக்கக்கூடாது. பின்பக்கக் காயிலோ குழாயோ சுவரைத் தொட்டால் அதிர்வு நேரே சுவருக்குப் போகும். காற்றோட்டம் இல்லாமல் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடி மின்கட்டணமும் ஏறும். பின்னால் உள்ள செம்புக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசினால் கிணுகிணுவென்று சத்தம் வரும். மெதுவாக விலக்கி இடையில் சிறு ரப்பர் துண்டு செருகலாம். கம்ப்ரஸருக்கு அடியில் உள்ள ரப்பர் புஷ் நாளடைவில் இறுகி வெடித்துவிடும். மாற்றச் செலவு சொற்பமே. பிரிட்ஜ் மேல் பாட்டில், டின் அடுக்குவதையும் தவிர்க்கவேண்டும். அவை எழுப்பும் சத்தமே பல சமயம் கம்ப்ரஸர் சத்தத்தைவிட அதிகம்.

கிரைண்டர்: பெல்ட் தளர்ந்தால் அடிக்கும், இறுகினால் பேரிங்கைத் தின்னும். இரு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை ஒரு நூல் பிடித்துப் பார்க்கலாம். பேரிங் கெட்டதா என்று அறிய, நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின் வெளிப்புறத்தில் வைத்து, கைப்பிடியைக் காதருகில் வைத்துக் கேட்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். கரகரவென்றால் மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது. சுற்றும் பாகத்தின் அருகில் வேட்டியும் துண்டும் படாமல் எச்சரிக்கை தேவை. பழைய வீடுகளில் மரஉத்திரம் தாங்கும் மெட்ராஸ் ஒட்டுக் கூரையின் மேலோ மச்சிலோ கிரைண்டரை வைக்கவே கூடாது. அந்தத் தளமே மத்தளத்தோல்போல் அதிரும். கீழ்த்தளத்தில், பொதுச்சுவருக்கு எதிர்ப்பக்கத்தில் வைப்பதே முறை.

மிக்ஸி: இது நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேலும் ஓடக்கூடியது. இதன் தொல்லை பெரும்பாலும் காற்று வழிச் சத்தம். மூலையில் வைத்தால் இரு சுவர்களும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். மேடையின் நடுப்பகுதிக்கு நகர்த்தி, அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டாலே வித்தியாசம் தெரியும். அடியில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிடக்கூடாது.

மாவு மில்: இதற்குத் தனி அஸ்திவாரம் அவசியம். மில்லின் காங்கிரீட் மேடைக்கும் கடைத் தரைக்கும் சுவருக்கும் இடையே சுற்றிலும் இடைவெளி விடவேண்டும். அந்த இடைவெளியைச் சிமெண்ட் பூசி மூடிவிட்டால் செய்த செலவு வீண். மில்லில் நாள் முழுதும் நிற்கும் பணியாளரின் காதும் முக்கியம். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதே விதிகளில் உள்ள உச்ச வரம்பு. ஒரு முழ தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால் சத்தம் ஆபத்தான அளவை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். காதடைப்பான் வாங்கிக் கொடுப்பது நமது கடமை. போன செவித்திறன் திரும்பி வராது.

வாஷிங் மெஷின்: வீட்டு உபயோகப் பொருள் விற்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாரியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் போல்ட் போட்டிருப்பார்கள். அதைக் கழற்றாமல் ஓட்டினால் இயந்திரம் நடனமாடும். வாங்குபவரிடம் இதைச் சொல்லி அனுப்பினால் பாதிப் புகார் குறையும்.

ஜெனரேட்டர்: இதில் மட்டும் சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சத்தம் வெளியே போகக்கூடாது என்று ஜெனரேட்டரை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது உயிருக்கே உலை வைக்கும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதுபோல் இருக்கும், எழுந்திருக்க முடியாது. சத்தத்தை அடக்கவேண்டுமானால் திறந்த வெளியில், தொழிற்சாலையிலேயே ஒலித்தடுப்புக் கூண்டு பொருத்தி வரும் ஜெனரேட்டரை வாங்குவதுதான் ஒரே வழி.

முட்டை அட்டையும் தெர்மாகோலும்

முட்டை அட்டைகளைச் சுவர் முழுதும் ஒட்டினால் சத்தம் போகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. நம் கடைகளில் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை என்பதால் பலர் முயன்றும் பார்க்கிறார்கள். அட்டையும் தெர்மாகோலும் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, அடுத்த வீட்டுக்குப் போவதைத் தடுக்கா. சத்தத்தைத் தடுப்பது கனம். செங்கல் சுவர் தடுக்கிறது, அட்டை தடுப்பதில்லை. அதோடு தீப்பிடிக்கும் பொருளைச் சுவர் முழுதும் ஒட்டிவைப்பது கடைக்கே ஆபத்து. அதைவிட, பொதுச்சுவரில் ஒயர் போன துளை, பழைய மாடத்தின் விரிசல் ஆகியவற்றைச் சிமெண்டால் அடைப்பது நல்ல பலன் தரும். கை நுழையும் துளை ஒன்று இருந்தால் முழுச் சுவரின் பயனும் குறைந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. அவற்றின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55. அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் பகலில் 50, இரவில் 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் யார் வேண்டுமானாலும் அதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாம். கடை இருப்பது வணிகப் பகுதி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பல தெருக்கள் குடியிருப்புப் பகுதியாக வகைப்படுத்தப்பட்டிருக்கலாம். மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

டெசிபல் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்காகக் கேட்கும். ஒரே அளவு சத்தமுள்ள இரண்டாவது பிரீசரை வைத்தால் 3 டெசிபல் கூடும்.

இது தவிர, அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்கும் வசதிக்கும் கேடான தொல்லையை நீக்கும்படி உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் இருந்த இந்த அதிகாரம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் இருக்கிறது.

பொருள் வாங்கும்போதும் நமக்கு ஓர் உரிமை உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, தயாரிப்பு நிலையிலேயே பிரிட்ஜின் சத்தம் 46 டெசிபலுக்குள்ளும், ஏர் கூலர் 60க்குள்ளும், ஒன்று முதல் ஒன்றரை டன் வரையிலான ஜன்னல் ஏசி 68க்குள்ளும் இருக்கவேண்டும் என்றும், 1993 டிசம்பர் 31க்குள் இதை எட்டவேண்டும் என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. ஆகவே விற்பனையாளரிடம் விலையையும் மின்செலவையும் கேட்பதுபோல் "சத்தம் எத்தனை டெசிபல்?" என்றும் தயங்காமல் கேட்கவேண்டும்.

மாவு அரைக்கும் நேரம்

காஞ்சிபுரம் இட்லிக்குப் பேர்போன ஊர். காலையில் மாவு பாக்கெட் வாங்க வரும் வாடிக்கையாளருக்காக இரவு 11 மணிக்குக் கிரைண்டரை ஓட்டும் கடைகள் இருக்கின்றன. மாலை 6 மணிக்கே அரைக்கத் தொடங்கி 9 மணிக்குள் முடித்து, மாவை உடனே குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் புளிப்பு கட்டுக்குள் இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் அரைக்கவே தேவையில்லை. நேரத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. பலனோ எல்லா ரப்பரையும்விடப் பெரிது.

எதை முதலில் செய்வது?

1. செலவில்லாதவை: நேரத்தை மாற்றுதல், சுவரை விட்டு நகர்த்துதல், மட்டம் பார்த்தல், தளர்ந்த நட்டுகளை முறுக்குதல், மேலே அடுக்கிய சாமான்களை அகற்றுதல்.

2. சிறு செலவு: ரப்பர் புஷ், பெல்ட், பேரிங் மாற்றுதல், அழுங்கும் கணக்குப் பார்த்து ரப்பர் கட்டைகள் வைத்தல், சுவர்த் துளைகளை அடைத்தல்.

3. பெரிய செலவு: தனி அஸ்திவாரம், கூண்டுள்ள ஜெனரேட்டர், பழைய பிரீசரை மாற்றுதல். முதல் இரண்டையும் செய்து பார்த்த பிறகே இதற்குப் போகவேண்டும்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கும் உண்டு. ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம், மற்றொன்று இந்தப் பக்கம். இரண்டும் ஒரே தெருவில் பிழைக்கவேண்டும். கடனுக்குக் கொடுத்த சாமானை நோட்டில் எழுதி வைக்கிறோம், வசூலாகிவிடும். கெடுத்த தூக்கத்துக்குக் கணக்கு எழுதி வைப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அந்தக் கணக்கில் பற்று ஏறாமல் பார்த்துக்கொள்வது நல்ல வணிகருக்கு அழகு. உறுப்பினர்கள் இந்த வாரமே தங்கள் கடையின் பொதுச்சுவரில் ஒரு முறை கை வைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.